மூக்கோரத் தழும்பு

கண்ணீர்ப்பை அடைப்புக்குச் சிதம்பரத்தில் ஆபரேஷன் செய்து தையல் பிரித்த நாளிலிருந்து, எழிலரசியின் மூக்கோரத் தழும்பைப் பற்றி அவளை விட அதிகம் கவலைப்பட்டவன் அவள் புருஷன் அருள்முருகன்தான்.

களிம்பை அவனே பதமாகத் தேய்த்துவிட்டான். வெயில் பட்டால் தழும்பு கறுத்துவிடும் என்று டாக்டர் சொன்னதால், கடலூர் துறைமுகத்தில் மீன் காயவைக்கும் வேலைக்கும் அவளை அனுப்பவில்லை.

"உம் புருஷன் தங்கம்டி!" என்று பக்கத்து வீட்டு மலர்க்கொடி வாய்விட்டே பொறாமைப்பட்டாள்.

அன்று காட்டுமன்னார்கோயிலில் எழிலரசியின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. கிளம்பும் நேரத்தில் அருள்முருகன் பவுடர் டப்பாவோடு வந்து நின்றான்.

"ஜாஸ்தியா பூசி மறைச்சுக்க எழிலு. பளிச்சுன்னு தெரியுது."

"தெரியட்டும் மாமா. ஓயாம வடிஞ்ச கண்ணீர் நின்னுபோச்சு. எனக்கு அது போதும்."

"உங்கண்ணனுங்க கேப்பானுங்களே?"

"கேக்கட்டும்."

"ஆபரேஷன் பண்ணதே அவனுங்களுக்குத் தெரியாது. போன ஒடனே நீயா சொல்லிடு. இல்லன்னா நான்தான் அடிச்சுட்டேன்னு நெனைப்பானுங்க."

எழிலரசி கொசுவத்தைச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பல்லு ஒடஞ்சப்போ படியில விழுந்தேன்னு சொன்னேன். கை முறிஞ்சப்போ கொழாயடியில வழுக்கிடுச்சுன்னு சொன்னேன். நீ செஞ்சதுக்கெல்லாம் நான் பொய் சொன்னேன். நீ செய்யாத இந்த ஒண்ணுக்கு நான் வாயத் தொறக்கப் போறதில்ல. உண்மைய நீயே சொல்லு, நம்புறாங்களான்னு பாப்போம்."