உடைக்கத்தான் கொடுப்பேன்

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பெற்றவர்களைத் தவிர மற்ற எல்லாப் பழசும் பிடிக்கிறது. பழைய கடிகாரம், பழைய ரேடியோ, கால் உடைந்த நாற்காலி. இப்போது பழைய கார். காலையிலேயே ஒரு ஜோடி வந்து ஷெட்டில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பெரியவர் பானெட்டின் மேல் கையை ஊன்றியபடி நின்றார். யாரும் வண்டியை நெருங்கிவிடக் கூடாது என்பதுபோல் இருந்தது அந்த நிற்பு.

“ஐயா, இந்த மாடல் ஒண்ணு கிடைக்காதான்னு எத்தனை நாளா அலையறோம் தெரியுமா?” என்றான் தொப்பி போட்டிருந்தவன். “புது வண்டியில என்னங்க இருக்கு? எல்லாம் ஒரே அச்சு. இதுக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கு பாருங்க. எங்கள மாதிரி ஆளுங்க கைக்கு எட்டற விலையில இந்த அழகு வேற எதுல வரும்?”

“மூஞ்சி இருக்கு. அடியில ஓட்டையும் இருக்கு. உள்ள உக்காந்தா ரோடு தெரியும்.”

“அதுதாங்க அழகே!” என்றாள் அவன் மனைவி.

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வருடம் வெல்டிங் பட்டறையில் ஓட்டை அடைத்தவர் அவர். ஓட்டையை அழகு என்று சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

“மூணாவது கியர் விழாது.”

“தட்டிக் கொடுத்தா விழும்ங்க.”

“மழை பெஞ்சா வைப்பர் ஓடாது. மழை விட்டப்புறம் ஓடும்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அவருக்குச் சிரிப்பும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை.

வண்டி விற்பனைக்கே இல்லை. உடைத்துப்போடச் சொல்லிக் காயலான் கடையில் பேசி முடித்தாயிற்று. பதினோரு மணிக்கு லாரி வருகிறது. அவருக்குத் தெரியாமல் மகள்தான் போட்டோ எடுத்து போனில் போட்டு, இந்த ஜோடியை வரவழைத்துவிட்டாள். காயலான் கடைக்காரர் சொன்னதைப் போல நாலு மடங்கு தருவதாக இவர்கள் சொல்லியும் பெரியவர் அசையவில்லை.

மகள் டீ கொண்டுவந்து நீட்டினாள். தொப்பிக்காரனிடம் குரலைத் தாழ்த்தினாள்.

“விட்டுடாதீங்க. அப்பாவுக்கு இந்த வண்டின்னா உசுரு. இன்னொருத்தர் ஓட்டறதப் பாக்க மனசு வரல, அதான் உடைச்சே போட்டுடலாம்னு நிக்கறாரு. ரெண்டு வருஷமா ஒருத்தரையும் உள்ள உக்கார விட்டதில்ல.”

அதற்குள் தொப்பிக்காரன் மனைவி கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டிவிட்டாள். டிரைவருக்குப் பக்கத்திலிருந்த சீட் கட்டில் மாதிரி முழுக்கச் சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்தக் கையை வைத்தாள்.

“அதத் தொடாதம்மா.”

குரல் உயரவில்லை. ஆனாலும் சூடு பட்டதுபோல் அவள் கையை இழுத்துக்கொண்டாள். ‘பாத்தீங்களா?’ என்று மகள் கண்ணைக் காட்டினாள்.

தொப்பிக்காரன் கிட்டே வந்தான். “ஐயா, உங்க மனசு புரியுது. நாங்க வாங்கி விக்கிற ஆளுங்க இல்ல. பிள்ளை மாதிரி வச்சுக்குவோம். மாசம் ஒரு தடவ கொண்டாந்து உங்க கண்ணுல காட்டிட்டுப் போறோம்.”

“எனக்கு எதுக்குக் காட்டணும்?”

பெரியவரே மேலே பேசினார், காலையிலிருந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“இதுக்கு ஒரு வியாதி இருக்கு தம்பி. வெயில்ல கொஞ்ச தூரம் ஓடினா நின்னுடும். சூட்டுல பெட்ரோல் ஆவியாயிடும், பம்ப்பு இழுக்காது. குட்டிக்கரணம் போட்டாலும் கிளம்பாது.”

தொப்பிக்காரன் முகம் மலர்ந்துவிட்டது. “தெரியும்ங்க! இந்த மாடலுக்கே உள்ள கோவம் அது. பம்ப்பு மேல ஈரத்துணியப் போட்டுட்டு மரத்தடியில நாலு பாட்டு கேட்டா, பதினஞ்சு நிமிஷத்துல தானா சமாதானம் ஆயிடும். பதினஞ்சு நிமிஷத்துல என்ன குடியா முழுகிடப் போகுது?”

மகளும் சேர்ந்து சிரித்தாள். “ஆமாங்க, ஆனா அம்மாகிட்ட மட்டும் இது கோவிச்சுக்கல. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம், நல்லபடியாக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேத்துடுச்சு. டாக்டருங்களாலதான் ஒண்ணும் பண்ண முடியல. நான் ஊர்லேருந்து வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.”

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. பெரியவர் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

“ஐயா, ஒரு நிமிஷம்! எலெக்ட்ரிக் பம்ப்பு மாட்டிட்டா அந்த வியாதியே இருக்காது. எங்க மெக்கானிக்கு கேரண்டி தர்றாரு,” என்று தொப்பிக்காரன் பின்னாலேயே ஓடினான்.

“எனக்குந்தான் ஒரு மெக்கானிக்கு கேரண்டி கொடுத்தான்.”

அவர் தாழ்ப்பாளை நீக்கிக் கேட்டை அகலத் திறந்தார். லாரி உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் ஒதுங்கி வழிவிட்டு, தெருவில் இறங்கினார்.

மகள் வாசல்வரை ஓடிவந்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நில்லுப்பா! அம்மா ஆசையா ஏறி உக்கார்ற வண்டிப்பா. உனக்கு எப்படிப்பா மனசு வருது?”

பெரியவர் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார்.

“உங்கம்மா ஆஸ்பத்திரியில சாகல, அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல செத்தா.”