கறுப்பு மை

பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மை பூசியிருந்தது. தனுஷிகா அதைத்தான் முதலில் பார்த்தாள்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் மீனம்மாவின் போனைச் சுற்றிப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஜீவராஜ் கொலை வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பொலிஸ் கொடுத்த சாட்சி வாக்குமூலம், எப்படியோ தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது.

"பயப்பட வேண்டாம், பெயரை அழித்துவிடுவோம்" என்று பொலிஸ் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி அவளிடம் சொல்லியிருந்தார். சொன்னபடியே செய்திருந்தார்கள். பெயர் இல்லை, வயது இல்லை, லயத்து வீட்டின் இலக்கம்கூட இல்லை.

தனுஷிகாவுக்கு மூச்சு வந்தது.

வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. வேலைக்கு வரும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் ஷெரோமி தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள்.

"யாருடி பாத்தது? நீயா மீனம்மா?" என்றாள் ஒருத்தி.

"நானா? எங்க வீட்டு மனுசன் குடிச்சிட்டு வந்து நிக்கிறதே எனக்குச் சரியாத் தெரியல, இதுல கொலய வேற பாத்தேனாக்கும்!"

அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். தனுஷிகாவும் சிரித்தாள்.

கங்காணி சோலைமலை சற்றுத் தள்ளி நின்று, தன் போனில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொலைக்காகப் பிடிபட்டு விளக்கமறியலில் இருப்பது அவருடைய மகன் திலக்ஷன்.

ஷெரோமி குரலைத் தாழ்த்தினாள். "ஓடைக்கிட்ட சத்தம் கேட்டுச்சாம். திலக்ஷன் மம்பட்டியால அடிச்சதப் பாத்தாங்களாம்."

அடுத்த வரியில் அவள் விரல் நின்றது. ஒரே ஒரு தடவை தனுஷிகாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காம்பராவுக்குள் போனாள்.

திரையில் இன்னும் வரிகள் மிச்சமிருந்தன.

வேலை நேரத்தில் கொழுந்து பறிக்கும் நிரையை விட்டு ஏன் ஓடைப் பக்கம் போனாய் என்று அதிகாரி கேட்டது தனுஷிகாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தான் சொன்ன பதிலும்.

ஷெரோமியின் காம்பராவில் தொட்டில் பிள்ளை இப்போது ஒன்றுதான்.

சோலைமலை போனைச் சட்டைப்பையில் வைத்தார். வழக்கம்போல் ஒவ்வொருத்திக்கும் நிரை பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர், தனுஷிகாவின் முன்னால் நின்றார். இதுவரை அவளிடம் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

"இன்னைக்கும் ஓடைப் பக்கமாத்தான் பிள்ளைக்குப் பால் குடுக்கப் போவியாம்மா?"