கண்மணியின் பாராகிராஃப்

"எம்பொண்ணுக்கு டி.சி. வேணும் டீச்சர். இன்னிக்கே வேணும்."

சுவாமிநாதன் உட்காரக்கூட இல்லை. நான்காக மடித்த ஒரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தலைமையாசிரியை தெரசம்மாளின் மேஜையில் போட்டார். பழனி அடிவாரத்தில் அவருக்குப் பஞ்சாமிர்தக் கடை. அங்கே நாலு பேரை அதட்டிப் பழகிய குரல், கொடைக்கானல் குளிரிலும் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

மகள் கண்மணி கதவோரம் தலைகுனிந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"லவ் லெட்டர். நேத்து இவளும் இவ ஆத்தாளும் இருக்குற நாயுடுபுரம் வீட்டுக்கு வந்தேன். இவ இங்கிலீஷ் நோட்டு கெடந்துச்சு. நமக்கு இங்கிலீஷ் ஓடாது. இந்தப் பக்கத்துல மட்டும் சிவப்பு மையில என்னமோ எழுதியிருந்துச்சு. சந்தேகம் வந்துருச்சு. கிழிச்சுக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டு டைப்பிஸ்ட்டுகிட்ட வாசிக்கச் சொன்னேன். ரெண்டு வரிதான் வாசிச்சான். 'அண்ணாச்சி, பிள்ளை யாரையோ நெனைச்சு ஏங்கிப் போயிருக்கு'ன்னான். போதும்டான்னு பிடுங்கிட்டு வந்துட்டேன்."

தெரசம்மாள் தாளைப் பிரித்தார். சிவப்பு மையில் 'வெரி குட்'. பக்கத்தில் இங்கிலீஷ் வாத்தியார் செபாஸ்டினின் கையெழுத்து. கல்யாணமாகாத வாத்தியார், வயசு இருபத்தாறு.

ஆள் அனுப்பியதும் செபாஸ்டின் சாக்பீஸ் கையோடு வந்து நின்றார். தாளைப் பார்த்தவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அதையும் தெரசம்மாள் கவனித்தார்.

"இது வகுப்புல எழுதினதுங்க மேடம். கிரேக்கக் காவியத்தையும் பாராகிராஃப் எழுதுறதையும் சேர்த்து நடத்துறேன்ல, அதுக்காக..."

"காவியமா? அடுத்தவன் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போயி சண்டை போட்ட கதைதானே? வயசுப் பிள்ளைகளுக்கு நடத்துற கதையாய்யா அது?" சுவாமிநாதன் குறுக்கே பாய்ந்தார்.

"அது போன மாசம் நடத்துனதுங்க. இது வேற. சண்டைக்குப் போன ராஜா இருபது வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றாரு. வீட்டுல அவருக்காகக் காத்துக்கிட்டே இருக்காங்க. அதை நடத்தி முடிச்சிட்டு, 'நீங்க யாருக்காகக் காத்திருக்கீங்க? பத்து வரி எழுதுங்க. ஆள் யாருன்னு கடைசி வரிக்கு முன்னால சொல்லக் கூடாது'ன்னு சொன்னேன்."

"கேட்டுக்கிட்டீங்களா டீச்சர்! ஆள் யாருன்னு மறைச்சு எழுதணுமாம். ஏன்யா மறைக்கணும்?"

நியாயமான கேள்வியாகத்தான் தெரசம்மாளுக்கும் பட்டது.

"சார், இந்தப் பொண்ணு யாரை எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? நீங்கதானே திருத்தினீங்க?"

"தெரியுங்க. ஆனா நான் சொல்றதைவிட நீங்களே முழுசா வாசிக்கிறதுதான் நல்லதுங்க."

சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது. தெரசம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார்.

"'அவர் எப்போது வருவார் என்று தெரியாது. பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடுவேன்.'"

"படிக்கிற பிள்ளைக்கு ஜன்னல்ல என்ன சோலி?"

"'வந்தால் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். அம்மா கொடுக்கும் காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.'"

"செருப்புக் காலோட என் வீட்டுக்குள்ளயா?" சுவாமிநாதன் முகம் சிவந்துவிட்டது. "இவ ஆத்தாக்காரி காப்பி வேற போட்டுக் குடுத்திருக்கா பாருங்க!"

"'அவருக்காக அம்மாவும் நானும் ஸ்வெட்டர் பின்னுகிறோம். தோள் அளவு தெரியவில்லை. கேட்கவும் பயம். பிரித்துப் பிரித்துப் பின்னுகிறோம்.'"

"ஆத்தாளும் மகளும் கூட்டுக் களவாணிங்க! இனிமே வாசிக்க வேணாம் டீச்சர், கேட்கக் காது கூசுது. டி.சி.யக் குடுங்க. எங்க அக்கா மகன் இருக்கான். தை பொறந்ததும் இவளைக் கட்டிக் குடுத்துட்டு என் கடையப் பார்க்கப் போறேன்."

கண்மணி விசும்பினாள்.

"கடைசி வரி இருக்குங்க மேடம்" என்றார் செபாஸ்டின் மெதுவாக.

"நீ பேசாதய்யா! அங்ஙன வந்து செருப்போட நிக்கிறவன் நீயாத்தான் இருக்கும். எவனா இருந்தாலும் சரி, அப்படியாப்பட்டவன் ஒரு மனுசனா? அவனை வீட்டுப் படியேத்தலாமா? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

தெரசம்மாள் கடைசி வரியை மனசுக்குள் வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செபாஸ்டினை ஒரு முறை பார்த்தார். அவரைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

பிறகு டி.சி. புத்தகத்தை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"சரிங்க, எழுதிடறேன். பொண்ணு எத்தனாவது படிக்குது?"

"எட்டு." சுவாமிநாதன் டக்கென்று சொன்னார். தெரசம்மாளின் பேனா நகராததைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "எட்டுதானே? இல்ல... ஒம்பதா?"

மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

தெரசம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளை மறுபடி கையில் எடுத்தார். கடைசி வரியைச் சத்தமாகவே வாசித்தார்.

"'அடுத்த முறை வரும்போதாவது, நான் இப்போது பத்தாவது படிக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும்.'"