முதல் பக்கத்தில் விஜிலா

“இன்னைக்குப் பொழுது அடையறதுக்குள்ள அந்த விஜிலா கீழ எறங்கணும்லே. இல்லேன்னா நடக்கிறதே வேற!”

காசிலிங்கம் மாசி வெட்டும் கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்தினார். கத்தி ஆடாமல் நின்றது. எதிரே ஸ்டூலில் இருந்த ஜாய்சன்தான் லேசாக ஆடினான்.

ஜாய்சன் கூலிப்படை ஆள் அல்ல. தூத்துக்குடியில் வெப்சைட் கட்டிக் கொடுக்கிறவன். போன வருஷம் ஏரல் காசிலிங்கம் மாசிக்கடைக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தான். ‘தூத்துக்குடி மாசி கருவாடு’ என்று நெட்டில் தேடினால் முதலில் வருவது கீழவைப்பார் விஜிலாவின் கடை. காசிலிங்கத்தைத் தள்ளித் தள்ளித் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும்.

சென்னை, பெங்களூர் ஆர்டரெல்லாம் விஜிலா பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த அம்மாளை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பார்க்காத ஆளை இவ்வளவு வெறுக்க முடியும் என்பது அவருக்கே புதுசு.

“எனக்கு எந்தப் பிளாட்பாரத்துலலே கட்டுன?”

“லேசான பிளாட்பாரம் அண்ணாச்சி. நீங்களே உள்ள போயி விலைய மாத்திக்கிடலாம்.”

“அவ எதுல கட்டியிருக்கா?”

“அது வேற பிளாட்பாரம்.”

“அப்பிடிச் சொல்லு! அந்தப் பிளாட்பாரத்துக்காரனும் இந்தத் தேடுத கம்பெனிக்காரனும் சம்பந்தி முறை. இல்லாம எப்பிடி அவளையே தூக்கி உச்சாணிக் கொம்புல வைப்பான்? என்னை மட்டும் தெருவோரத்துல கடை விரிச்சவன் மாதிரி ஒக்கார வச்சிட்டியே, படுபாவி!”

“சர்ச் இன்ஜினுக்கு அப்பிடி ஓரவஞ்சனை கெடையாது அண்ணாச்சி. எதுல கட்டுனா என்ன, உள்ள என்ன சரக்கு இருக்குன்னுதான் பாக்கும். அவங்க மாசி எப்பிடிக் காயப்போடுதாவ, சம்பல் எப்பிடி இடிக்கணும்னு பக்கம் பக்கமா எழுதிப் போட்டிருக்காவ. நீங்க மாலை போட்டு நிக்கிற உங்க போட்டோவத்தான் போட்டிருக்கிய.”

“பேரே சர்ச் இன்ஜின்! அது சர்ச்சுக்குப் போற கீழவைப்பார்க்காரிக்குப் பேசாம எனக்கா பேசும்?”

ஜாய்சன் கழுத்தில் கிடந்த சிலுவையை மெதுவாகச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டான்.

கல்லாவில் இருந்த அவர் மனைவி இசக்கியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “வெளியூருதானே, போனாப் போட்டும். ஏரல்ல மாசின்னா நம்ம கடைதான். அத எந்த நெட்டு வந்து அசைக்கும்?”

“நீ சும்மா கெட ஏளா” என்றாரே தவிர, அந்தப் பேச்சுதான் அவருக்கு மிச்சமிருந்த தெம்பு. சந்தைக்கு வருகிற சுத்துப்பட்டுச் சனம் மாசிக்கு இன்னொரு வாசல் மிதித்ததில்லை. அது இருக்கும்வரை அடுப்பு எரியும்.

“நானும் அவள சும்மா விடலலே” என்று மீசையைத் தடவினார்.

எதிராளி கடைக்கு ஆள் அனுப்பி விலை பார்த்துவராமல், காலையில் தன் விலையைச் சொல்லும் வழக்கம் அந்தச் சந்தையில் யாருக்கும் கிடையாது. அதே முறையைக் காசிலிங்கம் நெட்டுக்கும் கொண்டுபோயிருந்தார். மகன், மருமகள், கடை ஆட்கள், மைத்துனர் வீட்டார் எல்லோரும் பல் விளக்கியதும் விஜிலாவைத் திறந்தாக வேண்டும். மாசியை எடுத்துக் கூடையில் போட்டு, ஏரல் பின்கோடு அடித்து, கூரியரோடு என்ன விலை காட்டுகிறது என்று குரூப்பில் போட்டுவிட்டு, வாங்காமல் வெளியே வந்துவிட வேண்டும். வாங்கியவனுக்கு அன்று கடையில் சோறு கிடையாது.

“தெனம் நீங்க அதையே தொறந்தா, உங்க போன்ல அதான் முன்னால வந்து நிக்கும் அண்ணாச்சி.”

“எம் போனே எனக்குத் துரோகம் பண்ணுதுங்கியா? வேவு பாக்காம யாவாரம் பண்ணணும்னா நான் சாமியாரால்லா போவணும்!”

கத்தியைப் பிடுங்கி ஜாய்சனின் மூக்குக்கு நேரே நீட்டினார். “அவ பிளாட்பாரத்துக்கே என்னையும் மாத்துத. இல்லேன்னா இந்தச் சந்தையில ஒருத்தன்கூட ஒன்ன வாசப்படி ஏத்தாம பண்ணிருவேன்.”

“மாத்துதேன் அண்ணாச்சி” என்றான் ஜாய்சன், கத்தியைப் பார்த்து.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையெல்லாம் பெயின்ட். “அண்ணாச்சி, ஒரு ஏணி கெடைக்குமா? எதுத்தாப்புல கடை எடுத்திருக்கோம். போர்டு மாட்டணும்.”

புதுக்கடை என்றதும் காசிலிங்கத்தின் முகம் மலர்ந்தது. சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் ஒத்தாசை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. தானே உள்ளே போய் ஏணியைத் தூக்கிவந்து கொடுத்தார்.

“நல்லா இரும்மா. என்ன யாவாரம்?”

“மாசி கருவாடு அண்ணாச்சி. நெட்டுல பாத்திருப்பிய, கீழவைப்பார் விஜிலா நாந்தான்.”

ஏணியின் ஒரு நுனி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. இசக்கியம்மாள் கல்லாவைச் சாத்தினாள். ஜாய்சன் ஸ்டூலை ஓசையில்லாமல் பின்னால் நகர்த்தினான்.

“கீழவைப்பார்ல… இல்லாத எடமா?” காசிலிங்கம் ஏணி நுனியை இறுக்கிப் பிடித்தார். “ஏம்மா… ஏரலுக்கு?”

“இந்த ஊர்க்காரங்கதான் அண்ணாச்சி, தெனம் காலையில எங்க மாசியக் கூடையில போட்டுட்டு, கூரியர் காசப் பாத்துப் பயந்து வாங்காமப் போறாவ. பாவமா இருந்துச்சு, நேர்லயே வந்துட்டோம்.”