நூற்றுக்கு நூறு, உபயம்

உபயதாரர் பெயர்களை அப்பி அப்பி எழுதியிருந்ததில், டியூப்லைட்டுகள் எல்லாம் மங்கலாகத்தான் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் தலைமையாசிரியர் ஆண்டு விழா மைக்கைப் பிடித்தார்.

"கணக்கில் நூற்றுக்கு நூறு! முதல் நாற்பது மதிப்பெண் உபயம், அரிசி மண்டி அய்யாசாமி. மீதி அறுபது உபயம், முன்னாள் மாணவர் சங்கம்!"

உபயதாரர்கள் மேடையேறிப் பொன்னாடை வாங்கிக்கொண்டார்கள். பரீட்சை எழுதிய தேன்மலர் கீழே உட்கார்ந்து அவர்களுக்குக் கைதட்டினாள்.

அவள் அம்மா தவமணிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மேடையேறினாள்.

"பரீட்சை எழுதினது எம்பொண்ணு சார். அவ பேரையே காணோமே?"

"அவ பேருக்கு யாரும் உபயம் தரலையேம்மா."

"யாரு சார் தரணும்? அவளைப் பெத்ததே நான்தான்!"

தலைமையாசிரியரின் முகம் மலர்ந்தது. ஒரு பொன்னாடையை உதறி விரித்தார்.

"அடடா, முன்னாடியே சொல்லக்கூடாதா? ரசீதைக் காட்டுங்க."