முதல் பட்டதாரி

ஒரு வீட்டில் ஒருவர்தான் முதல் பட்டதாரி. அவருக்கு மட்டும்தான் கல்லூரியில் இலவசம். உப்பளத் தொழிலாளி சுடலைமுத்துவின் வீட்டில் அந்த இடத்தை மூத்தவள் இசக்கிராணி முன்பே எடுத்துக்கொண்டிருந்தாள். இயற்பியல் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், அப்பாவோடு உப்புதான் வாரினாள். இப்போது தங்கை பேச்சிக்கு இன்ஜினீயரிங் சீட் கிடைத்திருந்தது. பணம் கட்ட வழியே இல்லை.

இசக்கிராணி பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போனாள்.

"சர்டிபிகேட்டை மட்டும் தந்தா எப்படிம்மா?" என்றார் அலுவலர். "படிச்சது மண்டைக்குள்ள இருக்குல்லா? அதையும் எடுத்தாத்தான் உன் தங்கச்சி முதல் பட்டதாரி."

"எடுத்துக்கோங்க சார். அதை வச்சு நான் என்னத்தக் கிழிச்சேன்?"

தலையில் எதையோ மாட்டினார்கள். வலிக்கவே இல்லை.

தங்கையிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. பேச்சி கல்லூரியில் சேர்ந்தாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அக்கா சொல்லிக் கொடுத்தால்தான் அவளுக்கு எதுவும் மண்டையில் ஏறும். முதல் சனிக்கிழமையே பஸ் பிடித்து ஓடிவந்து, புத்தகத்தை அக்காவின் மடியில் விரித்தாள்.

"யக்கா, அங்க எல்லாருக்கும் புரியுது. எனக்கு மட்டுந்தான் ஒண்ணும் விளங்கல. இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லிக் கொடு. இல்லன்னா நான் திரும்பிப் போகவே மாட்டேன்."

"ஏளா, அழாத. இரு."

இசக்கிராணி பக்கத்தையே வெறித்துப் பார்த்தாள். புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கடைசியில், உப்பு அரித்த விரலால் ஒரு படத்தைத் தொட்டாள்.

"இது என்னதுளா? எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடேன்."