பிடிக்குள் உதைக்கும் நாடி

விளக்குகளை அணைத்திருக்கிறார்கள், ஆபரேஷன் தியேட்டரில் கேமரா காட்டும் திரை மட்டும் ஒளிர்கிறது. அதில், கல்லடைத்துச் சீழ்பிடித்து ஈரலோடு ஒட்டிக் கிடக்கும் பித்தப்பை. நோயாளியின் வயிற்றில் போட்ட சிறு துளை வழியே நுழைத்த நீண்ட இடுக்கியால் டாக்டர் அதைக் கவ்வி இழுக்கிறார். பதினெட்டு வருடமாக இழுக்கும் அதே இழுப்புதான். ஆனால் இன்று இடுக்கியின் கைப்பிடியில் புதிதாக ஒரு மோட்டார் இருக்கிறது. உள்ளே நுனி தொடுவதையெல்லாம், இதுவரை கைக்குத் தெரியாததையெல்லாம், அது விரல்களுக்குத் தெரியவைக்கிறது. சதை முறுக்கிக்கொண்டு எதிர்க்கிறது. அவர் விடவில்லை. நனைந்த சாக்கைப் பிய்ப்பதுபோல் நறநறவென்று அது கிழிவது உள்ளங்கையில் தொடங்கிப் பல்வரை கூசுகிறது. திரை முழுக்கச் சிவப்பு. “உறிஞ்சுங்க சிஸ்டர், ஒண்ணும் தெரியல!” குழாய் களகளவென்று ரத்தத்தைக் குடிக்கிறது. சிவப்பு விலகிய ஒரு நொடியில் இடுக்கி பாய்ந்து, பீய்ச்சும் ரத்தக்குழாயைக் கவ்விவிடுகிறது. பீய்ச்சல் நிற்கிறது. கைப்பிடிக்குள் நாடி மட்டும், வாயைப் பொத்திப் பிடித்த ஆள் திமிறுவதுபோல், உதைக்கிறது, உதைக்கிறது.

“மோட்டார் தொந்தரவா இருக்கா சார், அணைச்சிடவா?” என்கிறாள் நர்ஸ்.

“தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!”

தலைமாட்டில் இருக்கும் மயக்க மருந்து டாக்டர் ஆறுதலாகச் சொல்கிறார்: “விடுங்க சார். எப்பவும் கிழியுறதுதானே, இதுக்குப் போயி...”

“எப்பவும்,” என்று டாக்டர் முகமூடிக்குள் சொல்லிப் பார்க்கிறார். கைக்குள் உதை நிற்கவில்லை.